பித்தளை ஸ்டட்

ஐம்பத்தொரு வயதில் சர்தார் பாஷா இந்த உலகத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உட்கார ஓர் இடம். நாற்காலியோ, பெஞ்சோ, கார் சீட்டோ, எதுவானாலும் சரி, உட்கார்ந்தபடி செய்யும் வேலையாக இருக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் வர வேண்டும் என்பதால்தான் சிக்கலே வந்தது.

இருபத்தெட்டு வருஷமாக அவர் ஆம்பூரில் அப்துல் ஹமீத் சாகிப்பின் டேனரியில் ஃபிட்டர். ஃபிட்டர் என்றதும் காக்கிச் சட்டையும் காதில் பென்சிலுமாக யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஏழு டிரம்கள் இருந்தன. இரண்டு ஆள் உயரத்துக்கு மரத்தால் செய்த பீப்பாய்கள். தோலையும் அதைப் பதனிடும் மரப்பட்டைச் சாற்றையும் உள்ளே விட்டு நாள் கணக்கில் சுற்ற விடுவார்கள். பலகை விரிசல் விட்டாலோ, உள்ளே தோலைப் புரட்டும் முளை முறிந்தாலோ, டிரம்மை நிறுத்திவிட்டு சர்தார் பாஷாவைக் கூப்பிடுவார்கள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டுக்குட்டி நுழையும் அளவுள்ள கதவு வழியே உள்ளே போவார். வழுக்கும் பலகையில் முட்டி போட்டு, நாற்றத்தை மூக்கால் வாங்காமல் வாயால் வாங்கி, இரண்டு மணி நேரமோ நாலு மணி நேரமோ வேலை பார்ப்பார். வெளியே வரும்போது முட்டி நிமிராது. கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்பார். பேரணாம்பட்டிலிருந்து இருபத்து மூன்று வயதில் வந்து சேர்ந்த ஆளுக்கு, நிமிர்ந்து நின்ற நேரத்தைவிடக் குனிந்து நின்ற நேரம்தான் ஜாஸ்தி.

இத்தனை வருஷத்தில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. இரும்பு ஆகாது. பட்டைச் சாறு பட்ட தோலில் இரும்பு உரசினால் மை கொட்டிய மாதிரி கறுத்துப் போகும். ஒரே ஒரு இரும்பு ஆணி தெரியாமல் டிரம்முக்குள் கிடந்து நூற்றைம்பது தோல் பாழான கதையை அவர் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். அதனால் டிரம்மில் போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாமே பித்தளைதான். பித்தளை துருப்பிடிக்காது, இருபது வருஷம் கழித்துக் கழற்றினாலும் கையோடு வரும். அவருக்குப் பித்தளையின் மேல் ஒரு பக்தியே இருந்தது என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். ஆனால் இருந்தது.

எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் அவருக்கு ஒரு வழி திறந்தது. ஹமீத் சாகிப்பின் அப்பா வைத்திருந்த பச்சை நிற இங்கிலீஷ் கார் மூன்று வருஷமாக ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்தது. பழைய டிரைவர் பெங்களூருக்குப் போய்விட்டார். சாகிப்புக்கு மெட்ராஸ் போக்குவரத்து கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் டிரம்மிலிருந்து வெளியே வந்து குனிந்து நின்ற சர்தார் பாஷாவைப் பார்த்தார்.

"சர்தார் பாய், உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குதில்ல?"

"இருக்குது சாகிப். லாரி ஓட்டினப்ப எடுத்தது."

"அப்பா காரைக் கிளப்பிக் குடுங்க. கிளம்பிச்சுன்னா நீங்களே ஓட்டுங்க. டிரம்முக்கு வேற ஆள் பாத்துக்கலாம். அடுத்த மாசம் பத்தாம் தேதி நான் மெட்ராஸ் போகணும். அதுக்குள்ள ஆகலன்னா சொல்லிடுங்க. வாணியம்பாடியில ஒரு டிரைவர் தன் வண்டியோடயே வர்றேங்கறான்."

சர்தார் பாஷாவுக்கு அன்று இராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்துக்கும் அவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

காரின் கோளாறு பெரியதல்ல. இஞ்சினில் எரிந்த புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று உண்டு, மேனிபோல்டு என்பார்கள். அதை இஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருப்பவை ஆறு ஸ்டட். ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட்டு. ஒரு முனை இஞ்சினுக்குள் முறுக்கி இருக்கும், மறு முனையில் நட்டு. மூன்று வருஷ ஈரத்தில் ஆறும் துருவேறி, குழாயும் இஞ்சினும் சேரும் இடத்தில் புகை கசிந்துகொண்டிருந்தது. நட்டுகள் பித்தளை, அவை அழகாகக் கழன்று வந்தன. ஸ்டட்டுகள் இரும்பு. அவற்றைத் திருகி எடுக்கப் போனபோது நாலு ஸ்டட் இஞ்சினோடு ஒட்ட முறிந்தன.

முறிந்த துண்டுகளை எடுக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார், கேஸ் வெல்டிங் நெருப்பால் சுட்டார், நடுவில் துளை போட்டுத் திருகி எடுத்தார். கட்டை விரலில் தோல் உரிந்தது. கடைசித் துண்டு வெளியே வந்தபோது அதைப் பார்த்து உருதுவில் ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பஸ் ஏறி வேலூர் போனார். டேனரிக்கு வேண்டிய போல்ட்டு நட்டு எல்லாம் வாங்கும் கடை அங்கே இருந்தது. அதில் பரந்தாமன் என்ற விற்பனைக்காரர் பதினைந்து வருஷமாக அவருக்குப் பழக்கம். சட்டைப் பையில் எப்போதும் திருகு மரையை அளக்கும் பல் தகடு ஒன்றை வைத்திருப்பார், ஆனால் அதை எடுக்க மாட்டார். நகத்தால் மரையைத் தடவியே சைஸ் சொல்லிவிடுவார்.

பழைய ஸ்டட்டை வாங்கித் தடவிவிட்டு பரந்தாமன் உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு நூல் சைஸ் பாய், பழைய இஞ்சுக் கணக்கு. ஒரு பக்கம் பெரு மரை, இன்னொரு பக்கம் பொடி மரை. பெரு மரை வார்ப்புல நல்லா கவ்வும், அதுக்காக அப்படிப் பண்ணி இருக்கான். இப்ப எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் புது மில்லிமீட்டர் சைஸ். கிட்டத்தட்ட ஒக்காரும், ஆனா ரெண்டு முறுக்குல வார்ப்பு மரையத் தின்னுடும். போடாதீங்க."

"அப்ப இன்னா பண்றது?"

"மெட்ராஸ்க்கு எழுதினா வரும். பதினஞ்சு நாள் ஆவும். நட்டு மட்டும் பித்தளையில இருக்குது, எடுத்துக்கினு போங்க."

சர்தார் பாஷா விரலை மடக்கி எண்ணினார். பத்தாம் தேதிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

"ஸ்டட்டையும் பித்தளையிலயே கடைஞ்சு போட்டா இன்னா? எங்ககிட்ட டிரம்முக்கு வாங்கின கம்பி இருக்குது. துருவும் பிடிக்காது. அடுத்த தடவை எவனும் என்ன மாதிரி விரலைக் கிழிச்சுக்க வேணாம்."

பரந்தாமன் தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"வேணாம் பாய். நட்டு விட்டுக் குடுக்கணும், ஸ்டட்டு விடக் கூடாது. அதனாலதான் நட்டு பித்தளை, ஸ்டட்டு எஃகு. அந்த எடத்துல இருக்கற சூட்டுக்குப் பித்தளை நீண்டுக்கும். நீண்டுக்கினா பிடிப்பு போயிடும், அப்புறம் ஒரு நாள் பட்டுனு போயிடும். உங்க டிரம்முல சாறு பச்சத் தண்ணி மாதிரி இருக்கும். இது அடுப்பு."

சொன்னது தெளிவாகத்தான் காதில் விழுந்தது. ஆனால் பாருங்கள், களைத்த மனுஷனைக் காது ஒரு பக்கம் இழுக்கும், முட்டி ஒரு பக்கம் இழுக்கும். பதினைந்து நாள் என்றால் வாணியம்பாடிக்காரன் அந்த சீட்டில் உட்கார்ந்துவிடுவான். சர்தார் பாஷா நட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆம்பூர் வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தவர், பள்ளிகொண்டா வருவதற்குள் மனசை முடிவு பண்ணிவிட்டார்.

டேனரி பட்டறையில் ஒரு பழைய லேத் இருந்தது. அரை நாளில் ஆறு ஸ்டட் கடைந்து, இரண்டு முனையிலும் இரண்டு விதமாக மரை வெட்டி, எண்ணெய் தடவித் துணியில் வைத்தார். தங்கம் மாதிரி மின்னின. கையால் முறுக்கும்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். தப்பான காரியத்தை அவ்வளவு ஒழுங்காகச் செய்ய எல்லாருக்கும் வராது.

காரைக் கிளப்பிக் காட்டியபோது ஹமீத் சாகிப் கேட்டார்.

"சாமான் வேலூர்லயே கெடச்சுதா?"

"கெடச்சுது சாகிப்."

நட்டு வேலூரில் கிடைத்தது உண்மைதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மனசு இந்த மாதிரி நேரத்தில் வக்கீல் வேலை பார்க்கும்.

அடுத்த இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே சர்தார் பாஷா உட்கார்ந்தே இருந்தார். மெட்ராஸுக்கு வாரம் ஒரு தடவை, இராணிப்பேட்டைக்கு இரண்டு தடவை. மற்ற நேரத்தில் ஷெட்டில் காருக்குள்ளேயே கதவைத் திறந்து வைத்துக் காலை வெளியே நீட்டிக்கொள்வார். முட்டி வீக்கம் வற்றியது. அவர் மனைவி நசீமுன்னிசா இருபது வருஷமாக இராத்திரி தோறும் வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்து வந்தவள். ஒரு நாள் அவர் போதும் என்றதும் நம்பாமல் தொட்டுப் பார்த்தாள். "வெல்லக்கட்டி மாதிரி இருந்தது எங்க போச்சு?" என்று சிரித்தாள். அதற்கு முன் அவள் சிரித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் அந்த நாட்களில் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார், அதைக் கொச்சைப்படுத்த வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. மூன்றாவது வாரம் மேனிபோல்டு நட்டுகளைத் தொட்டுப் பார்த்தபோது தளர்ந்திருந்தன. கால் சுற்று முறுக்கினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கால் சுற்று. நட்டு தானாகத் தளரவில்லை, ஸ்டட்தான் நீள்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஸ்பானரோடு சேர்த்துத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் மெட்ராஸிலிருந்து திரும்பும்போது, காவேரிப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பகல் மூன்று மணி இருக்கும். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டார்கள், ரோடு தெரிய டிரைவர் பக்கம் மட்டும் இரண்டு விரல் இடைவெளி. பின் சீட்டில் ஹமீத் சாகிப் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். கொஞ்ச தூரத்தில் இஞ்சின் பக்கம் டப், டப், டப் என்று ஒரு சத்தம் கிளம்பியது. சர்தார் பாஷா சத்தத்தைக் கேட்ட உடனே தெரிந்துகொண்டார். ஸ்டட் ஒன்று போய்விட்டது. மழையில் இறங்கி என்ன செய்ய, வாலாஜாபேட்டை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். டப் டப் இரண்டு மடங்கானது. தலை கனத்தது, கண் எரிந்தது. காலையில் சீக்கிரம் எழுந்ததுதான் என்று நினைத்தார்.

வாலாஜாபேட்டையில் நிறுத்தி, "சாகிப், ஒரு டீ?" என்று திரும்பினார். பதில் இல்லை. தோளைத் தொட்டார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

அவர் சாகிப்பை எப்படி வெளியே இழுத்தார் என்று பின்னால் அவருக்கே சொல்ல வரவில்லை. மழைத் தண்ணீர் ஓடும் ரோட்டோரத்தில் கிடத்தி, சட்டைப் பட்டனைப் பிய்த்து, பெயர் சொல்லிக் கத்தினார். முதலாளி பெயரை வாழ்நாளில் முதல் தடவையாக அன்றுதான் வெறுமனே சொல்லிக் கூப்பிட்டார். சாகிப் ஒரு தடவை உடம்பு குலுங்கி வாந்தி எடுத்தார். டீக்கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து டாக்டரிடம் காட்டினார்கள். கார்ப் புகை உள்ளே ஏறியிருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார், மையத்துதான் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனார். ஹமீத் சாகிப் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சர்தார் பாய், அல்லாவுக்கு அப்புறம் நீங்கதான். அந்தச் சனியன் புடிச்ச காரை எடைக்குப் போட்டுடலாம். வாணியம்பாடியில ஒரு அம்பாசிடர் விலைக்கு வருது, பேசிட்டேன். நீங்கதான் ஓட்டணும். உங்க உயிர் இருக்கற வரைக்கும் அந்த சீட் உங்களுது."

சர்தார் பாஷா நின்றுகொண்டே இருந்தார். சாகிப் நாற்காலிக்குத் திரும்பிப் போய்க்கொண்டே சொன்னார்.

"அந்த வேலூர்க் கடைக்காரனை மட்டும் விடப் போறதில்ல. அங்க வாங்கின ஸ்டட்டு முறிஞ்சுதான் புகை வந்துச்சாமே. இன்னா சாமான் குடுத்தான்? ஆளக் கொல்ற சாமான். இனிமே நம்ம டேனரிக்கு அங்க ஒரு வாஷர் வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கடை மொதலாளிக்கு இன்னிக்கே போன் போட்டு, அந்தப் பரந்தாமனை நிறுத்தச் சொல்லப் போறேன்."

"சரி சாகிப்," என்றார் சர்தார் பாஷா. வெளியே வந்துவிட்டார்.

கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். ஒரு டீ குடித்தார். பரந்தாமன் கெட்டிக்காரர், வேறு கடை கிடைக்கும் என்று நினைத்தார். இன்னொரு டீ சொன்னார். சாகிப் கோபத்தில் சொல்வார், போன் போட மாட்டார் என்று நினைத்தார். ஹமீத் சாகிப் அப்படிப்பட்டவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பரந்தாமனுக்கு நாலு பெண் குழந்தைகள் என்பதும் தெரியும். "அந்த சீட் உங்களுது" என்ற வார்த்தை காதுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். தன் மேலேயே அவருக்குக் கடுப்பாக வந்தது. நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆபீஸில் சாகிப் போன் டயலில் விரல் வைத்திருந்தார்.

"சாகிப், ஸ்டட்டு வேலூர்ல வாங்கினது இல்ல. நான் கடைஞ்சேன். நம்ம டிரம் கம்பியில."

சாகிப் போனைக் கீழே வைத்தார்.

"பித்தளையிலயா?"

"பித்தளையில."

"கடைக்காரன் இன்னா சொன்னான்?"

"போடாதீங்கன்னு சொன்னாரு."

"சொல்லியும் போட்டீங்க."

"போட்டேன் சாகிப்."

சாகிப் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கி வைத்தார். திட்டியிருந்தால் சர்தார் பாஷாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"காரை ஒழுங்கா சரி பண்ணிடுங்க. அப்பாவோட கார், எடைக்குப் போட வேணாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓட்டறதுக்கு அந்த வாணியம்பாடி ஆளையே வரச் சொல்றேன். எங்க வீட்டுல இனிமே நீங்க ஓட்டினா ஒத்துக்க மாட்டாங்க பாய். அஞ்சாம் நம்பர் டிரம்மு ஒழுகுதுன்னு மேஸ்திரி சொன்னாரு. திங்கக்கெழம பாத்துடுங்க."

சனிக்கிழமை சர்தார் பாஷா வேலூர் போனார். பரந்தாமனுக்கு எதுவும் தெரியாது. இவரைப் பார்த்ததும் கீழ் டிராயரை இழுத்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"எங்க போய்ட்டீங்க பாய்? நீங்க கேக்கலன்னாலும் நானே எழுதிப் போட்டேன். ஒம்போதாம் நாளே வந்துட்டுது."

பொட்டலத்தில் பத்து ஸ்டட் இருந்தன. எஃகு, கறுப்பு, எண்ணெய் தடவியது. ஒரு முனையில் பெரு மரை, மறு முனையில் பொடி மரை. சர்தார் பாஷா ஒவ்வொன்றாக எடுத்து, கவுண்டர் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தார். தள்ளாடிய இரண்டைத் தனியே வைத்தார். பித்தளை நட்டை மாட்டி விரலால் சுற்றி, இறுகியதையும் ஆடியதையும் ஒதுக்கினார். ஆறு தேறின. ஒன்பதாம் நாள் என்றால் பத்தாம் தேதிக்கு இரண்டு நாள் மீதி இருந்திருக்கும். ஆறையும் அதே காகிதத்தில் சுருட்டினார்.

"கண்ணு இன்னா பாய் செவந்து கெடக்குது?"

"பஸ்ல தூசி," என்றார்.

நசீமுன்னிசாவிடம் அன்று சாயங்காலம்தான் சொன்னார். அவர்கள் வீட்டில் பேச்சு உருதுவும் தமிழுமாகக் கலந்து ஓடும். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுத் தமிழில் ஆரம்பித்தாள்.

"அவரே கையப் புடிச்சு சீட் உங்களுதுன்னு சொல்லியிருக்காரு. யாரும் கேக்கல. யாருக்கும் தெரியாது. வாய மூடிக்கினு இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம்."

"அந்த ஆள் நமக்கு மாமனா மச்சானா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவர் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றார்.

"திங்கக்கெழம டிரம்முக்கு உள்ள போகணும்," என்றார் கடைசியில். "அந்தப் பழைய லுங்கி ரெண்டும் எங்க வச்ச?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கிழிச்சுட்டேன். நீங்க காரை எடுத்துக்கினு முதல் நாள் மெட்ராஸ் போனீங்களே, அன்னிக்கே கிழிச்சுட்டேன். இனிமே எதுக்குன்னு."

பிறகு அவள் எழுந்து பெட்டியைத் திறந்து, பண்டிகைக்கு என்று எடுத்து வைத்திருந்த குடியாத்தம் லுங்கியை, மடிப்புக் கலையாமல், அவர் முன்னால் வைத்தாள்.

"இது புதுசு," என்றார் அவர். "ஒரே நாள்ல கறையாயிடும்."

"ஆவட்டும்," என்றாள் நசீமுன்னிசா. அடுப்பில் வெந்நீர் வைக்கப் போனாள்.